சிந்தூரம் அடைத்த ஐந்து குழிகள்

என் மாமனாருக்கு இந்த உலகத்தில் குறை சொல்ல முடியாத பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய பைப். தண்ணீர்ப் பைப் இல்லை, புகை பிடிக்கிற மரப் பைப். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றபோது, ஒரு வெளிநாட்டுக் கப்பலின் தலைமை எஞ்சினியர் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ரசத்தில் புளி கூடிவிட்டது, டிராம் ஊர்கிறது, பேரனுக்கு வங்காளம் வருகிற அளவுக்குத் தமிழ் வரவில்லை என்று எதிலும் ஒரு சொட்டை சொல்லாமல் விடமாட்டார். இந்தப் பைப்பை மட்டும் வருகிறவர்களிடம் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

"நல்லா பாருங்க. எங்கயாவது ஒரு புள்ளி, ஒரு குழி இருக்கா? வேர்க்கட்டையில இப்படி அமையறது அபூர்வம்."

வந்தவர்கள் பார்ப்பார்கள். மரத்தின் ரேகைகள் புகையிலை அடைக்கிற கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் தீ நாக்கு போல ஏறிப் போகும். அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தவள். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். கணவருக்கு ரயில்வேயில் ஆய்வு வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஆகவே கிடர்பூரில் அந்த முதல் மாடி வாடகை வீட்டில், பிள்ளை பிறக்கும் வரை, பெரும்பாலும் நானும் மாமாவும்தான். பால்கனியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். காலையில் ஒரு காபி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு காபி. சாயங்காலக் காபி முடிந்ததும் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து பைப்பைப் பற்ற வைப்பார்.

வந்த புதிதில் ஒருநாள், ஊரிலிருந்து வந்திருந்த தன் தம்பியிடம் அவர் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தது சமையலறையில் எனக்குக் கேட்டது.

"மருமகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்டே. ஆனா கை சுத்தம். அவ என்னத்தக் கொடுத்தாலும் கண்ண மூடிக்கிட்டு வாங்கிக் குடிக்கலாம்."

நேரில் அவர் என்னை ஒருநாளும் மெச்சியதில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் ஓட்டினேன். வாய் நீளம் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு துர்கா பூஜை முடிந்த வாரம், மாமா ஜம்ஷெட்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே அவரைவிட வயதில் மூத்த உறவுக்காரர்கள் இருந்ததால் பைப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அலமாரித் தட்டில் பைப் கண்ணில் பட்டது. விளிம்பெல்லாம் கரி. தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. நாற்றம் வேறு. இதையும் துடைத்து வைத்தால் வந்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சொன்னால் சொல்லட்டுமே, இன்னொரு முறை கை சுத்தம் என்று.

பிள்ளைக்கு ஊசி போடும்போது வாங்கிய ஸ்பிரிட் வீட்டில் பாதிப் புட்டி இருந்தது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. அழுக்கு வருகிறது என்று உற்சாகமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நாலு பஞ்சு கழித்துத்தான் உறைத்தது, வருவது அழுக்கு இல்லை, சாயம். அதற்குள் பைப் வெளுத்துப் போய், அதில் ஐந்து இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. விளிம்பில் ஒன்று, கிண்ணத்தின் பக்கவாட்டில் மூன்று, வாயில் வைக்கும் முனைக்குச் சற்று முன்னால் தண்டில் ஒன்று. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். சுவரில் அடித்த பட்டி மாதிரி உதிர்ந்தது. உள்ளே கடுகு உட்காரும் அளவுக்குக் குழி.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். எனக்குக் கையில் குரங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் பிள்ளையைக் கீழ் வீட்டுப் பௌதியிடம் விட்டுவிட்டுக் கரியாஹாட் போனேன். பௌதி என்றால் அண்ணி. நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்ப் பகுதியில் இருந்த வங்காளி அம்மாள், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கரியாஹாட்டில் மரச்சாமான் கடை வாசலில் உட்கார்ந்து பாலிஷ் போடும் மிஸ்திரி ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் அலமாரிக்கு அவர்தான் பாலிஷ் போட்டார். கைக்குட்டையில் சுற்றிய பைப்பை அவர் முன்னால் பிரித்து வைத்து, ஒரு குற்றவாளியைப் போல நின்றேன்.

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நீங்க போட்ட ஓட்டை இல்லை, தீதி," என்றார் வங்காளத்தில். "வேர் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல வளருது. வளரும்போதே மணல் சிக்கி உள்ள குழி விழுந்துடும். செஞ்சவன் அதைப் பட்டி வச்சு அடைச்சு மேல கலர் அடிச்சிருக்கான். நீங்க கலரை எடுத்துட்டீங்க, அவ்வளவுதான். எத்தனையோ பைப்புல இப்படித்தான்."

அதை எப்படிச் சரி செய்வது என்றும் சொன்னார். பழைய பட்டியை ஊசியால் முழுக்கத் தோண்டிவிட வேண்டும். சன்னமான மரத்தூளைக் குழியில் அமுக்கி, சட்டென்று ஒட்டும் பசையில் ஒரு சொட்டு விட வேண்டும். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு பொட்டலம் மரத்தூளும் கொடுத்தார். கலரும் கொடுங்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"வாயில வைக்கிற சாமானுக்கு நான் கலர் கொடுக்க மாட்டேன். எங்க கலரெல்லாம் அலமாரிக்கு. குழி தெரிஞ்சா என்ன, புகை வராதா?"

படிக்காத மனிதர் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பஸ்ஸில் திரும்பும்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது இல்லை, மரத்தினுடையது. ஆனால் அந்த நினைப்புதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. உங்கள் பைப் நான் தேய்த்ததால் வெளுத்தது என்று சொல்லிவிடலாம், திட்டுவார், போகட்டும். புள்ளி இல்லை, குழி இல்லை என்று நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டிய பைப்பில் முதலிலிருந்தே ஐந்து குழி இருந்தது என்று எப்படிச் சொல்வது? அதைவிட மூடி மறைப்பது சுலபமாகத் தெரிந்தது. இப்படித்தான் என் மனதுக்கு நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவருடைய பெருமையைக் காப்பாற்ற நினைத்ததைவிட என்னுடையதைக் காப்பாற்ற நினைத்ததுதான் அதிகம்.

மிஸ்திரி சொன்னபடி தூளும் பசையும் போட்டேன். இறுகியதும் கன்னங்கரேலென்று ஐந்து உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருப்பது போல ஆயிற்று. மறுபடி தோண்டினேன். சிவப்பு வேண்டும். வீட்டில் சிவப்பு என்றால் குங்குமம். அம்மா ஊரில் மஞ்சளை ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் சேர்த்துத் தானே இடித்து அனுப்புகிற குங்குமம். அதைத் தூளோடு கலந்து, ஸ்பிரிட் தொட்டுக் குழைத்துப் பார்த்தேன். கண்ணெதிரே மஞ்சளாகிப் போனது. மஞ்சள் தன் புத்தியைக் காட்டிவிட்டது.

அப்போதுதான் பௌதி கொடுத்த டப்பா ஞாபகம் வந்தது. விஜயதசமி அன்று துர்கையை வழியனுப்பும் முன் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் பூசி விளையாடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பௌதி என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அந்த வருஷம் எனக்கென்று ஒரு டப்பா சிந்தூரமே கொடுத்திருந்தார். அவர்கள் ஊர்க் குங்குமம், அவ்வளவுதானே என்று அதை நான் சாமி அலமாரியில் அம்மாவின் குங்குமத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கலந்து பார்த்தேன். ஸ்பிரிட் பட்டும் நிறம் மாறவில்லை. பசை பட்டும் மாறவில்லை. மரத்தூளின் பழுப்போடு சேர்ந்து பைப்பின் பழைய நிறத்துக்கு அப்படியே வந்து நின்றது.

மாறாத நிறத்தைப் பார்த்து ஆகா என்று பூரித்தேனே தவிர, ஒன்று மஞ்சளாகும்போது இன்னொன்று ஏன் ஆகவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அது மஞ்சள் இல்லை என்று அந்தப் பொருளே என்னிடம் சொன்னது. குங்குமம் எங்கள் வீட்டில் குழந்தையின் நாக்கில் பட்டால்கூடத் துடைத்துவிட்டுச் சிரிப்போம். சாமிக்கு வைப்பது, நெற்றியில் இடுவது, அதில் என்ன இருந்துவிடப் போகிறது? ஐந்து குழியையும் அடைத்தேன். மிச்சச் சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பைப் முழுக்கப் பூசித் துணியால் துடைத்தேன். கிண்ணம் பழையபடி தகதகவென்று ஆயிற்று.

மாமா வந்தார். பைப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தொடச்சியா?"

"மேலாக்க தொடச்சேன் மாமா."

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிப் பற்ற வைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தேன். ஆனால் பூசணிக்காய் சும்மா இருக்கவில்லை. விளிம்பில் இருந்த அடைப்பு, தீக்குச்சிச் சூட்டில் சில மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்துவிடும். அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து நான் புதிதாக அடைத்துவிடுவேன். டப்பா தீர்ந்தால் அடுத்த விஜயதசமிக்குப் பௌதியிடமிருந்து இன்னொன்று வந்துவிடும். இப்படி ஆறு வருஷம். போகப் போகக் கை பழகிவிட்டது, ரேகை போகிற திசையிலேயே அடைப்பின் மேல் ஊசியால் கோடு இழுக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். திருட்டிலும் கைத்திறன் வந்துவிட்டால் ஒரு பெருமை வந்துவிடுகிறது. விருந்தாளிகளிடம் அவர் "ஒரு குழி இருக்கா பாருங்க" என்று நீட்டும்போது, காபித் தட்டோடு நின்றபடி நானும் பார்ப்பேன். முதலில் வேர்த்தது. பிறகு வேர்ப்பதும் நின்றுவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் மாமா இளைக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பசி இல்லை. மலச்சிக்கல். கை நடுங்கியது. வலது மணிக்கட்டில் வலுவில்லாமல் டம்ளர் சரிந்து இரண்டு மூன்று முறை காபி வேட்டியில் கொட்டியது. கோபம் மட்டும் குறையவில்லை. தெரு முனை டாக்டர் வாயு என்றார், பிறகு வயசு என்றார். வயசு என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை.

ஒருநாள் மத்தியானம் கீழே பௌதி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வகிட்டில் சிந்தூரம் இல்லை. புருஷன் நன்றாகத்தான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தோல் டாக்டர்கிட்ட போனேன். வகிட்டுல முடி கொட்டி ஒரே அரிப்பு. சிந்தூரம் வைக்காதேன்னு சொல்லிட்டார். அதுல ஈயம் இருக்காம். உள்ள போனா விஷமாம், கை நடுங்கும், வயித்த வலிக்கும்னு பயமுறுத்துறார். இனிமே லிப்ஸ்டிக்லதான் கோடு போட்டுக்கணும் போல." சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் கையில் வைத்திருந்த தேநீரைக் கீழே வைத்தேன். "உங்க குங்குமம் மஞ்சள்ல செய்யறதுதானே?" என்று கேட்டேன். பௌதி என்னை விநோதமாகப் பார்த்தார். "மஞ்சளா? சிந்தூரத்துலயா?" என்றார்.

மாடிப்படி ஏறுவதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. மாமா பால்கனியில் பைப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தீக்குச்சியின் சுவாலை விளிம்பில், சரியாக நான் போன வாரம் அடைத்த இடத்தில் நக்கிக்கொண்டிருந்தது. பற்ற வைக்கிற கை நடுங்கியது. அப்போதே ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, என்ன என்பது போலப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. இதைக் கொஞ்ச நாள் விட்டுட்டா வயித்துக்கு நல்லதுன்னு தோணுச்சு."

"எமன் வந்தா நான் பாத்துக்கிடுதேன். நீ போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். மறுநாளும் அவர் புகைத்தார். அதற்கு மறுநாளும். அவர் குளிக்கும்போது அடைப்பைத் தோண்டிவிடலாம் என்று பைப்பைக் கையில் எடுப்பேன், குழியைப் பார்த்தால் கேட்பாரே என்று திரும்ப வைத்துவிடுவேன். கணவர் வெளியூரில். தொலைபேசியில் பேசினபோதும் சொல்லவில்லை. அப்படி நாலு நாள் போயிற்று. ஆறு வருஷம் தெரியாமல் செய்தது, யார் கேட்டாலும் அப்படிச் சொல்லலாம். அந்த நாலு நாளுக்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை. தெரிந்தே ஒரு மனிதர் விஷத்தை இழுப்பதைக் காபி டம்ளரோடு நின்று பார்த்தேன்.

ஐந்தாவது நாள், ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தபடி, அலிப்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அவரை அழைத்துக்கொண்டு போனேன். வங்காளி, நிதானமான மனிதர். மாமாவைக் கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டை உயர்த்தச் சொன்னார், ஈறுகளைப் பார்த்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மாமா வங்காளத்தில் சொன்னார், நாற்பது வருஷ வங்காளம், சரளமாக வரும். கப்பலின் பழைய சிவப்பு ஈயப் பெயிண்டைச் சுரண்டுவது, புதிதாக அடிப்பது, ஆட்களோடு நின்று மேற்பார்வை, தூசிக்கு நடுவில் சாப்பாடு.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஈயம்தான் என்று சந்தேகப்படுகிறேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்."

அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். டாக்டரே கண்டுபிடித்துவிட்டார், பழியைத் துறைமுகம் ஏற்றுக்கொண்டது, நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பைப்பை எப்படியாவது தொலைத்துவிட்டால் போதும். ஆனால் டாக்டர் எழுதிக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

"ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இப்போது போய்க் கூடியிருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். வீட்டில் இப்போது ஏதாவது உண்டா? பெயிண்ட், நாட்டு மருந்து, அந்த மாதிரி?"

"ஒன்றும் கிடையாது," என்றார் மாமா. டாக்டர் அதை எழுதப் போனார்.

நான் பேசிவிட்டேன். எனக்கு வங்காளம் நன்றாகவே வரும், மீன்காரியோடு சண்டை போடுகிற அளவுக்கு வரும். ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது தமிழ் மட்டும்தான். டாக்டரைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, உங்க பைப்புல குழி இருந்துச்சு. அஞ்சு குழி. முதல்லேருந்தே இருந்துச்சு, பட்டி வச்சு மூடியிருந்தான். நான் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சதுல வெளிய வந்துட்டு. உங்ககிட்டச் சொல்லப் பயந்து நான்தான் அடைச்சேன். பௌதி கொடுத்த சிந்தூரத்த வச்சு அடைச்சேன். நம்ம குங்குமம் மாதிரின்னு நினைச்சிட்டேன். அதுல ஈயம் இருக்காம் மாமா. ஆறு வருஷமா அடைச்சிட்டிருக்கேன். நாலு நாளா எனக்குத் தெரியும்."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். எதற்கெல்லாமோ வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை.

"என்ன சொல்கிறார் இவர்?" என்று டாக்டர் கேட்டார்.

மாமா திரும்பினார். நிதானமாக வங்காளத்தில் சொன்னார். "நான் பைப் குடிக்கிறேன். அதில் பூசியிருக்கிற நிறத்தில் ஈயம் இருக்கலாம் என்று என் மருமகள் சொல்கிறாள். நல்ல வேளையாக ஞாபகப்படுத்தினாள்."

அவ்வளவுதான். யார் பூசியது, எதனால் பூசியது, எத்தனை நாளாகத் தெரியும், ஒன்றையும் சொல்லவில்லை. நான் சொன்னதிலிருந்து என்னை மட்டும் தனியாக எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தார். டாக்டர் என்னைப் பார்த்து, கெட்டிக்காரப் பெண் என்றார். எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவுக்காக மறுபடி போனோம், அதுவரை மாமா பைப்பைத் தொடவில்லை. ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடிய அளவைவிட நிறையவே இருந்தது. துறைமுகத்தினுடையதா, பைப்பினுடையதா என்று கேட்டேன், இந்த முறை வங்காளத்தில். டாக்டர் கையை விரித்தார். உள்ளே போன ஈயம் எலும்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், வயதான காலத்தில் எலும்பு தேயும்போது மெல்ல ரத்தத்துக்கு வரும், ஆகவே பழையதாகவும் இருக்கலாம். பைப்பிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம், ஈயத்தில் பேர் எழுதியிருக்காது என்றார். மாத்திரை கொடுத்தார். பைப்பைத் தொடக் கூடாது என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா பால்கனியில் செய்தித்தாளை விரித்து, கப்பல் பாய் தைக்கிற தடித்த ஊசி ஒன்றை எடுத்துவந்து உட்கார்ந்தார். நடுங்குகிற கையால் ஐந்து அடைப்பையும் ஒவ்வொன்றாகத் தோண்டினார். ஒரு அடைப்பைத் தோண்டும்போது அதன் மேல் நான் இழுத்திருந்த கோடுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றார். பிறகு அதையும் குத்தி எடுத்தார். தூளைத் தாளோடு மடித்துக் கட்டிவிட்டு, குழிகளோடு பைப்பை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். பின்னாளில் யாராவது எடுத்துப் பார்த்து, இது என்ன குழி என்று கேட்டால், "மரத்துல உள்ளதுதான்" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

என் கணவர் வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பாவிடம் போய்ப் பேசினார். "துறைமுகத்துல முப்பத்திரெண்டு வருஷம் தின்ன ஈயம்டே அது. அவளைப் போட்டுக் குடையாத," என்று மாமா சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நான் காபி கலக்கப் போனபோது மாமா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். ஃபில்டரிலிருந்து டிகாக்‌ஷனைத் தானே இறக்கிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்மா. நானே போட்டுக்கிடுதேன்."

அன்றைக்கு ஏதோ சீக்கிரம் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலமும் நாலு மணிக்குச் சரியாக வந்து நின்றார். அடுத்த நாளும் அப்படித்தான். குரலில் கோபமில்லை, முகத்தில் சுணக்கமில்லை. என் சமையலைச் சாப்பிட்டார், பழையபடி புளி கூடிவிட்டது என்று சொல்லவும் செய்தார். கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் ஒரே பானையிலிருந்து போகிற சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டார். அவருக்கென்று தனியாக என் கையால் கலந்து கொடுக்கிற எதையும் வாங்கவில்லை. காபி, மோர், மாத்திரைக்கு வெந்நீர், எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டார். தெரிந்தே செய்தாரா, அவரை அறியாமல் கை அப்படிப் போனதா என்று தெரியவில்லை. வாய் ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது. நான் கையைத்தான் நம்பினேன்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. தினம் இரண்டு முறை, நடுங்குகிற கையோடு அந்த மனிதர் பாலைச் சிந்தி, சர்க்கரையைச் சிந்தி ஒரு காபி கலப்பதை நான் மேடையின் மறு ஓரத்தில் காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போனதும் துடைப்பேன். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டுங்கள் மாமா என்று ஒருநாள் கேட்டுவிடவும் செய்தேன். "எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இடது கையில் டம்ளர் நிற்காது. கணவர் வழக்கம்போல வெளியூரில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். நாலு மணி ஆயிற்று. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார், கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு வெளியே கிரேன்களைப் பார்த்தார்.

நான் காபி கலந்தேன். கை சுத்தம் என்று பேர் வாங்கிய கையை அதற்கு முன் இரண்டு முறை கழுவிக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போய் அவர் வாயருகே நீட்டினேன். அவர் உடனே குடிக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தார்.

"என்னம்மா கலந்திருக்க?"

அதில் கேலி இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"பால் மாமா. காலையில காய்ச்சினது. லேக் மார்க்கெட் கடைத் தூள்ல எறக்கின டிகாக்‌ஷன். அரை ஸ்பூன் சீனி. வேற ஒண்ணும் இல்ல."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு வாயைத் திறந்தார். நான் சரித்தேன். டம்ளர் காலியாகும் வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவருடைய கை பழையபடி தேறவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த ஒன்றரை வருஷமும் காபியை நான்தான் கொடுத்தேன். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். பால், டிகாக்‌ஷன், அரை ஸ்பூன் சீனி என்று நானே சொல்லிவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவேன். அவரும் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடித்து நான் பார்க்கவே இல்லை.